அம்மா அப்பா வருகிற மாதங்களும் டொர்னாடோ மாதங்களும்

ஓக்லஹோமாவில் இருக்கிற தமிழ் வீடுகளுக்கு ஊரிலிருந்து பெரியவர்கள் வருவது பெரும்பாலும் மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரலில். இங்கே குளிர் விட்டிருக்கும், அங்கே வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், ஆறு மாதம் இருந்துவிட்டு தீபாவளிக்கு முன்னால் ஊர் திரும்பிவிடலாம். இதைவிட வசதியான கணக்கு கிடையாது. ஆனால் இந்த மாநிலத்தில் டொர்னாடோ என்கிற சுழல்காற்று அதிகம் இறங்குவதும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில்தான். அதிலும் மே மாதம் உச்சம். அதாவது, சைரன் சத்தத்தைப் பற்றி எதுவும் தெரியாத, போனில் வரும் ஆங்கில எச்சரிக்கையைப் படிக்கத் தடுமாறுகிற நம் பெற்றோர் வீட்டில் தனியாக இருக்கும் நாட்களும், வானம் மிக மோசமாக இருக்கும் நாட்களும் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழுகின்றன.

நான் இங்கே நார்மன் நகரத்தில் இருக்கிறேன். மருந்துக்கடையில் வேலை. மதிய ஷிப்டில் நிற்கும்போது வானம் கறுத்தால் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓட முடியாது. ஓடவும் கூடாது, அதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன். அதனால் எங்கள் வீட்டு ஏற்பாட்டில் முதல் வரி இதுதான்: அம்மாவும் அப்பாவும் யாரையும் கேட்காமல், என் போனுக்குக் காத்திருக்காமல், தாங்களே எழுந்து சரியான இடத்துக்குப் போகத் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர், டார்ச், பேட்டரி எல்லாம் அதற்கு அப்புறம்.

டொர்னாடோ ஏன் வசந்தத்தில் வருகிறது என்று அப்பா கேட்டார். தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமான வெப்பக் காற்று தரையை ஒட்டி வருகிறது. தென்மேற்குப் பாலைவனப் பக்கமிருந்து வறண்ட காற்று வந்து அதை முட்டுகிறது. மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், குளிர்காலத்தின் வேகம் இன்னும் குறையாத காற்றோட்டம் வேறு திசையில் ஓடுகிறது. கீழே ஒரு திசை, மேலே ஒரு திசை என்று காற்று மாறும்போது எழும்புகிற மேகம் மொத்தமாகச் சுழலத் தொடங்குகிறது. சமவெளியில் இந்த மூன்றும் சேர்கிற காலம் வசந்தம். பகல் முழுக்கத் தரை சூடாகி மாலையில்தான் மேகம் வெடித்துக் கிளம்பும், அதனால் மாலை 4 முதல் 9 மணி வரையில்தான் டொர்னாடோ அதிகம். ஆனால் நடு இரவிலும் வரும், விடியற்காலையிலும் வரும்.

உலகத்தில் டொர்னாடோவை முன்கூட்டிச் சொல்லிப் பலித்த முதல் முன்னறிவிப்பு நம் பக்கத்தில்தான் நடந்தது. 1948 மார்ச் 20ஆம் தேதி டிங்கர் விமானப்படைத் தளத்தை டொர்னாடோ தாக்கியது. அங்கிருந்த ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு வானிலை அதிகாரிகள் அந்த நாளின் காற்று எப்படி இருந்தது என்று உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். மார்ச் 25 அன்று அதே நிலைமை தெரிந்ததும் துணிந்து எச்சரிக்கை கொடுத்தார்கள். அன்று மாலையே அதே தளத்தில் இன்னொன்று இறங்கியது. இன்று நாடு முழுவதற்கும் புயல் முன்னறிவிப்பு தரும் மையம் நார்மனிலேயே இருக்கிறது. இவ்வளவு அருகில் இவ்வளவு அறிவு இருக்கிறது. அது நம் வீட்டுப் பெரியவர்களின் காதுக்குத் தமிழில் போய்ச் சேர வேண்டும், அந்தக் கடைசிப் படி நம்முடையது.

அந்த மையம் சில நாட்கள் முன்னாலிருந்தே வரைபடம் வெளியிடும். ஒன்று முதல் ஐந்து வரை படிகள். காலையில் காபி போடும்போதே அதைப் பார்த்துவிடுவது என் வழக்கம். ஒன்று, இரண்டு என்றால் கவனம். மூன்று என்றால் அன்று மாலை எங்கே இருப்போம் என்று வீட்டில் பேசிவிடுவோம். நான்கு, ஐந்து என்றால் அன்றைய மற்ற திட்டங்களைத் தள்ளி வைத்துவிடுவேன். ஐந்தாம் படி ஒரு வருடத்தில் ஒரு சில நாட்கள்தான் வரும், அதை அலட்சியம் செய்ய ஒரு காரணமும் இல்லை.

அடுத்தது 'வாட்ச்'. டொர்னாடோ உருவாகக்கூடிய சூழல் பெரிய பரப்பில் இருக்கிறது, சில மணி நேரத்துக்குக் கவனமாக இருங்கள் என்று பொருள். குளித்து முடிக்க வேண்டியவர்கள் குளித்துவிடுங்கள், போனைச் சார்ஜ் போடுங்கள், வெளியே போனவர்கள் வீடு திரும்புங்கள். அப்புறம் 'வார்னிங்'. ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள், இப்போதே உள்ளே போங்கள். வார்னிங் வந்த பிறகு ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம். மழை மூடிக்கொண்டால் டொர்னாடோ கண்ணுக்கே தெரியாது.

வார்னிங்குக்கும் காற்றுக்கும் நடுவில் கிடைக்கும் நேரம் எவ்வளவு? சில சமயம் கால் மணி நேரம், சில சமயம் ஐந்து நிமிடம், சில சமயம் ஒன்றுமே இல்லை. 2013 மே 20 அன்று மூர் நகரத்தை அடித்த டொர்னாடோவுக்கு மதியம் 2:40க்கு வார்னிங் கொடுத்தார்கள், 2:56க்கு அது நியூகாசில் பக்கம் தரையைத் தொட்டது. 24 பேர் இறந்தார்கள். அதில் ஏழு பேர் ஒரு தொடக்கப் பள்ளியில் இருந்த குழந்தைகள். அது ஒரு திங்கட்கிழமை. மதியம் 2:40க்கு நம் வீடுகளில் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறை கிடையாது. அதனால் விதி எளிது: தரைத்தளம், வீட்டின் நடுப்பகுதி, ஜன்னல் இல்லாத சின்ன அறை. வெளிக்காற்றுக்கும் உங்களுக்கும் நடுவில் எத்தனை சுவர் நிற்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு க்ளோசெட், ஒரு குளியலறை, ஹால்வே. இப்போது நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஜன்னல் இல்லாத, நடுவில் இருக்கிற அந்தச் சின்ன க்ளோசெட்டை நம்மில் பலர் என்ன செய்து வைத்திருக்கிறோம்? சாமி ரூம்.

எங்கள் வீட்டிலும் அதேதான். ஹால்வேயில் கோட் மாட்டுவதற்கென்று கட்டிய க்ளோசெட், அதில் மூன்று தட்டு போட்டு சாமி படங்கள். அப்பாவை அங்கே நிற்க வைத்து மேலே பார்க்கச் சொன்னேன். தலைக்கு நேர் மேலே கண்ணாடி போட்ட பெரிய லட்சுமி படம், அதன் பக்கத்தில் பாட்டி கொடுத்த பித்தளைக் குத்துவிளக்கு. வீடு குலுங்கினால் முதலில் தலையில் விழுவது அதுதான். அன்றே விளக்கையும் பெரிய படங்களையும் கீழ்த்தட்டுக்கு இறக்கினோம். கண்ணாடிச் சட்டத்துக்குப் பதிலாக லேமினேட் செய்த படங்கள் மேல்தட்டுக்குப் போயின. வரும்போது காலி செய்துகொள்ளலாம் என்று தரையில் வைத்திருந்த அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் வெளியே போயின. மூன்று பேர் குத்துக்காலிட்டு உட்கார இடம் வேண்டும், அந்த இடம் எப்போதும் காலியாகவே இருக்க வேண்டும்.

செருப்புதான் பெரிய பேச்சானது. நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவர்கள். செருப்பும் ஷூவும் வாசலில் கிடக்கும். ஆனால் டொர்னாடோவுக்குப் பிறகு காயப்படுகிறவர்களில் பலருக்குக் காலில்தான் காயம். உடைந்த கண்ணாடி, ஆணி துருத்திய பலகை, தகரம். அந்த வாசல் அப்போது வாசலாகவே இருக்காது. ஆளுக்கு ஒரு ஜோடி மூடிய ஷூ க்ளோசெட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றேன். சாமி இருக்கிற இடத்தில் ஷூவா என்று அம்மா தயங்கினாள். நான் வாதாடவில்லை. அவள் ஒரு நாள் யோசித்துவிட்டு, ஊரில் ஜவுளிக்கடையில் கொடுக்கிற தடித்த துணிப்பை ஒன்றை எடுத்து, புது ஷூக்களை அதில் போட்டு, கதவின் உள்பக்கக் கொக்கியில் மாட்டினாள். "புதுசு, வெளிய போட்டது இல்ல, பையிலதான இருக்கு" என்றாள். அந்த ஏற்பாடு அவளுடையது என்பதால் அது அங்கிருந்து நகராது என்று எனக்கு நிச்சயம்.

இன்னொன்றும் அம்மாதான் கவனித்தாள். மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றுகிற நேரமும் புயல் வருகிற நேரமும் ஒன்றுதான். வார்னிங் வந்தால் முதல் வேலை விளக்கை மலையேற்றிவிட்டு உள்ளே உட்காருவது. எரிகிற விளக்கோடு சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு யாரும் உட்காரக் கூடாது. வாட்ச் அமலில் இருக்கும் மாலைகளில் பேட்டரி விளக்கு போதும் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

தலையைக் காக்க ஹெல்மெட். சைக்கிள் ஹெல்மெட் போதும். எங்கள் வீட்டில் என் கணவரின் கிரிக்கெட் ஹெல்மெட்டும் உள்ளே தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை விளையாடுகிறவர்கள் கிட் பேக்கைக் கார் டிக்கியிலேயே விட்டுவிடாமல், இந்த மூன்று மாதமும் ஹெல்மெட்டை மட்டுமாவது வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். கூடவே ஒரு பழைய ரஜாய் அல்லது மெத்தை, மேலே மூடிக்கொள்ள. ஒரு விசில். இடிபாட்டுக்குள் மாட்டிக்கொண்டால் வயதானவர்களால் வெகுநேரம் கத்த முடியாது, ஊத முடியும்.

ஜன்னல்களைத் திறந்துவிட்டால் காற்றழுத்தம் சமமாகி வீடு தப்பும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். தவறு. திறக்கப் போகிற நேரம் வீண், காற்று உள்ளே புகுந்தால் கூரைக்குத்தான் ஆபத்து. தென்மேற்கு மூலைதான் பாதுகாப்பு என்பதும் பழைய நம்பிக்கை. மூலை எந்தத் திசை என்பதில் ஒன்றும் இல்லை, நடுவில் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

வசதி இருப்பவர்கள் கராஜ் தரையைத் தோண்டி இரும்புப் பெட்டி மாதிரியான ஷெல்டர் போட்டுக்கொள்கிறார்கள். கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை அமைப்பின் அளவுகோல்படி கட்டிய பாதுகாப்பு அறை மணிக்கு 250 மைல் வேகக் காற்றைத் தாங்க வேண்டும். போட்டிருப்பவர்கள் அதை உங்கள் நகராட்சியில் பதிவு செய்யுங்கள். பல ஊர்களில் இந்தப் பதிவு உண்டு. மேலே வீடு சரிந்து கதவை அடைத்துக்கொண்டால், மீட்புக்கு வருபவர்கள் எந்த முகவரியில் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலில்தான் இருக்கும். ஷெல்டர் படிக்கட்டில் பெரியவர்களை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லியும் பாருங்கள். முழங்கால் வலிக்காரர்களால் அந்தச் செங்குத்தான படியில் இறங்க முடியாவிட்டால் அந்த ஷெல்டர் அவர்களுக்கு உதவாது. அவர்களுக்கு வேறு இடம் இப்போதே பார்க்க வேண்டும்.

இனி எனக்கு மிகவும் கவலையான விஷயம். பல்கலைக்கழகத்தைச் சுற்றிய அபார்ட்மென்ட்களில் இரண்டாம் மாடி, மூன்றாம் மாடியில் நம் மாணவர்களும் புதிதாக வந்த குடும்பங்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் "தரைத்தளத்துக்குப் போ" என்று சொல்வதால் என்ன பயன்? தரைத்தளத்தில் யார் வீட்டுக்கு? ராத்திரி ஒரு மணிக்கு முன்பின் தெரியாத கதவைத் தட்ட நம் பிள்ளைகள் தயங்குவார்கள். தட்டினாலும் உள்ளே இருப்பவர் திறப்பாரா? எல்லா ஊரிலும் பொது ஷெல்டர் இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள், இல்லை. எனவே வெயில் அடிக்கிற ஒரு நல்ல நாளில், கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் பெயரைச் சொல்லி, இப்படி ஒரு நாள் வந்தால் உங்கள் ஹால்வேயில் நாங்கள் நான்கு பேர் உட்காரலாமா என்று வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கீழ்வீட்டில் தனியாக இருக்கும் வயதான அமெரிக்க அம்மாவிடம் அப்படிப் போய்க் கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே, என் காது கேட்காது, ராத்திரி சைரன் அடித்தால் நீங்கள்தான் வந்து என்னை எழுப்ப வேண்டும் என்றாராம். இவர்களுக்கு இடம், அவருக்குக் காது. மேல்வீட்டுச் சாவிக்கொத்தில் இப்போது அவர் வீட்டுச் சாவியும் இருக்கிறது.

நம் தமிழ்க் குழுவில் தரைத்தளத்தில் இருப்பவர்களும் தனி வீட்டுக்காரர்களும் தாங்களாகவே முன்வந்து சொல்லுங்கள்: எங்கள் வீட்டில் இத்தனை பேருக்கு இடம் இருக்கிறது, இன்னார் இன்னார் வரலாம் என்று. பெயரோடு சொல்லுங்கள். "யார் வேண்டுமானாலும் வாங்க" என்றால் யாரும் வர மாட்டார்கள். மொபைல் ஹோமில், அதாவது கட்டி முடித்துக் கொண்டுவந்து வைக்கிற லேசான வீட்டில், வாடகைக்கு இருப்பவர்கள் வார்னிங்குக்குக் காத்திருக்கவே கூடாது, வாட்ச் வந்ததுமே கிளம்பி அந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அந்த வகை வீடுகள் சாதாரண டொர்னாடோவிலேயே புரண்டுவிடும்.

எச்சரிக்கை காதில் விழுவது எப்படி? சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. ஏசி ஓடுகிற, கதவு சாத்திய வீட்டுக்குள் தூங்குகிறவருக்குக் கேட்கும் என்று நம்ப முடியாது. போனில் வரும் அவசர எச்சரிக்கை செல்போன் கோபுரம் வழியாக வருகிறது. ஊர் சிம்மை அணைத்து வைத்து வெறும் வைஃபையில் வாட்ஸ்அப் பேசுகிற அம்மாவின் போனில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு உள்ளூர் சிம் வாங்கிக் கொடுங்கள்.

இதெல்லாம் இருந்தாலும் வானிலை ரேடியோ ஒன்று வாங்கி வைக்க வேண்டும் என்பேன். மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடும், தூங்குகிறவரை எழுப்பும் அளவுக்கு அலறும். வாங்கினால் மட்டும் போதாது, உங்கள் கவுன்ட்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஆறு இலக்க எண்ணை அதில் பதிய வேண்டும். நார்மனும் மூரும் இருக்கிற கிளீவ்லேண்ட் கவுன்ட்டிக்கு 040027. ஓக்லஹோமா கவுன்ட்டிக்கு 040109. இதைப் பதியாவிட்டால் எங்கேயோ தூரத்தில் இருக்கிற கவுன்ட்டிக்கெல்லாம் அலறும், நான்காவது தடவை பெரியவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். வாரம் ஒருமுறை, வழக்கமாகப் புதன்கிழமை, சோதனை ஒலி வரும். அதையும் முன்பே சொல்லி வையுங்கள்.

டிவியைப் பற்றி ஒரு யோசனை. இங்கே உள்ளூர் சேனல்களில் புயல் நாட்களில் தெருப் பெயர் வரைக்கும் சொல்வார்கள். வேகமான ஆங்கிலம், அம்மாவுக்குப் புரியாது. ஆனால் வரைபடத்தில் கவுன்ட்டி பெயர் எழுதியிருக்கும். புயல்கள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நகர்கின்றன. 1999 மே 3 அன்று வந்த டொர்னாடோ கிரேடி கவுன்ட்டி, மக்ளெய்ன் கவுன்ட்டி வழியாகத்தான் கிளீவ்லேண்ட் கவுன்ட்டியில் இருக்கிற மூருக்குள் நுழைந்தது. அதனால் இந்த மூன்று பெயர்களையும் தமிழில் எழுதி, கீழே ஆங்கில எழுத்தின் வடிவத்தையும் வரைந்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். கிரேடி என்று காட்டினால் எழுந்து நில்லுங்கள், மக்ளெய்ன் என்றால் க்ளோசெட் கதவைத் திறந்து வையுங்கள், கிளீவ்லேண்ட் என்றால் உள்ளே. எல்லாப் புயலும் இந்த வழியாகவே வரும் என்பதில்லை, வார்னிங் வந்தால் வரைபடத்தைப் பார்க்காமலே உள்ளே போக வேண்டும் என்று அதற்கும் மேலே பெரிதாக எழுதியிருக்கிறது. ஆனாலும் கையில் ஒரு பிடிமானம் இருந்தால் பெரியவர்கள் பதறாமல் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்கு இந்தப் பகுதியில் சைரன் சோதனை நடக்கும். வந்து இறங்கிய முதல் சனிக்கிழமையே அதைக் கேட்க வைத்துவிடுங்கள். நாங்கள் அந்தச் சத்தம் கேட்டவுடன் உண்மையாகவே எழுந்து உள்ளே போய் உட்கார்ந்து கதவைச் சாத்திப் பார்க்கிறோம். அப்பா முதலில் கண்ணாடியைத் தேடினார், அப்புறம் பல்செட்டை. இரண்டுக்கும் சேர்த்து இப்போது உள்ளே ஒரு டப்பா இருக்கிறது. வானம் நீலமாக இருந்தாலும் சனிக்கிழமை 12 மணி தவிர வேறு எந்த நேரத்தில் அது ஒலித்தாலும் நிஜம் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மருந்து என் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு மாத்திரை வாங்கி வருகிறார்கள், மொத்தமும் ஒரே பையில், பெரும்பாலும் மாடி அறை அலமாரியில். அதைப் பிரித்து ஒரு வாரத்துக்கு உரியதை க்ளோசெட் பையில் வையுங்கள். கூடவே ஒரு தாளில் மருந்தின் வேதிப் பெயரையும் அளவையும் எழுதுங்கள். எக்கோஸ்பிரின் என்றோ எல்ட்ராக்சின் என்றோ சொன்னால் இங்கே கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாமல் போகலாம். ஆஸ்பிரின் 75 மில்லிகிராம், லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம் என்று எழுதியிருந்தால் யாருக்கும் புரியும். நாம் பாராசிட்டமால் என்பதை இங்கே அசிட்டமினோஃபென் என்கிறார்கள், அதையும் எழுதி வையுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் மின்சாரம் போனால் உடனே பயப்பட வேண்டாம். பிரித்த பேனா பல வகைகளில் அறை வெப்பத்திலேயே 28 நாள் வரை இருக்கும், உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று இப்போதே கேட்டு அந்தத் தாளில் எழுதிவிடுங்கள். பாஸ்போர்ட், விசா, பயண இன்ஷூரன்ஸ் அட்டை ஆகியவற்றின் நகலும் அதே பையில்.

சாப்பாடு, தண்ணீர் பற்றி நம் வீடுகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், அடுப்பு இல்லாமல் சாப்பிடக்கூடியது ஏதாவது. மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள்.

இனி கார். வேலை இடத்திலிருந்து ஓடக் கூடாது என்றேனே, காரணம் இதுதான். 2013 மே 31 அன்று எல் ரெனோ பக்கம் இறங்கிய டொர்னாடோ 2.6 மைல் அகலம், அதுவரை பதிவானதிலேயே அகலமானது. பதினோரு நாள் முன்புதான் மூர் அழிந்திருந்தது. அந்தப் பயத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் காரை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்ப, நெடுஞ்சாலைகள் அடைத்து நின்றன. அன்று டொர்னாடோவைவிட அதோடு வந்த வெள்ளம் அதிகம் பேரைக் கொண்டுபோனது. காற்றுக்குப் பயந்து மழைநீர் வடிகாலுக்குள் ஒதுங்கியவர்களை அந்தத் தண்ணீரே அடித்துப்போனது. மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குவதும் அப்படித்தான். அங்கே காற்று குறுகி இன்னும் வேகமாகும். 1999 மே 3 அன்று அப்படி ஒதுங்கிய மூன்று பேர் இறந்தார்கள். வேகமாக ஓடுகிற தண்ணீர் ஆறு அங்குலம் இருந்தால் பெரியவரையே தள்ளிவிடும், ஓர் அடி சின்னக் காரைத் தூக்கும், இரண்டு அடி பெரும்பாலான வண்டிகளைக் கொண்டுபோய்விடும். தண்ணீர் ஓடுகிற சாலையைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். பள்ளியில் இருக்கும் பிள்ளையை அழைத்துவரக் கிளம்பாதீர்கள், அந்த நேரத்தில் சாலையில் இருக்கும் உங்களைவிட உள்ளே ஒதுக்கிடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பத்திரம். ஆலங்கட்டியிலிருந்து காரைக் காப்பாற்ற வெளியே ஓடுவதும் வேண்டாம். காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

எல்லாம் முடிந்தபின் நம் குழுவில் செய்தி போடுவதில் ஓர் ஒழுங்கு வேண்டும். வார்னிங் அமலில் இருக்கும்போது படம், வீடியோ, எங்கிருந்தோ வந்த பழைய செய்தி எதையும் பகிர வேண்டாம். முடிந்த பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே ஒரு வரி: வீட்டுப் பெயர், "எல்லாரும் நலம்". வராத வீட்டை, அவர்களுக்கென்று ஏற்கனவே குறித்து வைத்த ஒருவர் மட்டும் கூப்பிடுவார். எல்லோரும் ஒருசேரக் கூப்பிட்டால் யாருக்கும் லைன் கிடைக்காது, குறுஞ்செய்தி போய்விடும். காஸ் வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள். ஜெனரேட்டரைக் கராஜுக்குள் ஓட்டவே கூடாது, கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி. அதன் புகைக்கு வாடை தெரியாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அப்புறம் இன்னொன்று: ஆலங்கட்டி விழுந்த மறுநாளே கூரை பழுதுபார்க்கிறோம் என்று தெருத்தெருவாகக் கதவைத் தட்டுவார்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

கடைசியாக நம் சித்திரை விழா. தமிழ்ப் புத்தாண்டு வருவதே ஏப்ரல் நடுவில், நாம் வைப்பதோ சனிக்கிழமை மாலை. அரங்கம் நிறைய ஆட்கள், மேடைக்குப் பின்னால் சலங்கை கட்டிய குழந்தைகள், முன்வரிசையில் ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டிகள். அகலமான கூரை போட்ட பெரிய அரங்கம் டொர்னாடோவில் இருக்கவே கூடாத இடங்களில் ஒன்று, நடுவில் தாங்கிப் பிடிக்கச் சுவர் கிடையாது. அதனால் அரங்கம் பார்க்கப் போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை: இந்தக் கட்டடத்தில் ஒதுங்கும் இடம் எது, அதில் எத்தனை பேர் கொள்வார்கள், சனிக்கிழமை மாலை அந்தக் கதவு பூட்டியிருக்குமா, சாவி யாரிடம்? நம் கூட்டம் அதைவிடப் பெரிதாக இருந்தால் அந்த அரங்கம் வேண்டாம், வேறு பார்ப்போம்.

அன்று காலை வரைபடம் மூன்று காட்டினால் நிகழ்ச்சியை மதியத்துக்கு முன்னால் இழுத்து முடித்துவிடலாம். நான்கு, ஐந்து என்றால் தள்ளி வைப்போம். சமைத்த சாப்பாடு வீணாகுமே என்பார்கள், வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்க நான் வண்டி ஓட்டுகிறேன். நிகழ்ச்சி நடக்கும்போது ஒருவர் ரேடியோவோடு பின்வரிசையில் உட்கார வேண்டும், அவருக்கு வேறு பொறுப்பே கூடாது. அவர் கை காட்டினால் பாட்டு பாதியில் நின்றாலும் நிறுத்திவிட்டு அறிவிப்பு தமிழில் வர வேண்டும். மேடைக்குப் பின்னால் இருக்கும் குழந்தைகளைத் தேடிப் பெற்றோர் எதிர்த்திசையில் ஓடுவதுதான் பெரிய நெரிசல் ஆகும். ஆகவே எந்த நடனக் குழுவை யார் கூட்டிப்போகிறார் என்று முன்பே சொல்லிவிட வேண்டும், பெற்றோர் நேராக ஒதுங்கும் இடத்துக்கே வர வேண்டும். சக்கர நாற்காலி, ஊன்றுகோல் வைத்திருப்பவர்களுக்குக் கதவுக்கு அருகில் இருக்கை.

அந்த ரேடியோ வேலையை இந்த வருடம் நான் எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகளை அழைத்துப்போக ஒரு நடனக் குழுவுக்கு இரண்டு பேர் தேவை. தரைத்தளத்தில் இடம் தர முடிகிறவர்கள், மாடியில் இருந்து இடம் தேடுகிறவர்கள், இந்த மாதம் யார் வீட்டுக்குப் பெரியவர்கள் வருகிறார்கள் என்ற மூன்று பட்டியலையும் சேர்த்தே எழுதத் தொடங்கியிருக்கிறேன். உங்கள் பெயரை மார்ச் முடிவதற்குள் எனக்கு அனுப்பிவிடுங்கள்.